படத்தில் அகலமாகிப்போன கழுத்து

எனக்குத் தையல் சிரமமில்லை. ஆட்களிடம் பேசுவதுதான் சிரமம். அதனால்தான், சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் துணி விற்கும் பாய், "ரவிக்கை போட்டோவ எல்லாம் ஆன்லைன்ல போட்டுடுங்க தங்கச்சி. வர்றவங்க இதுதான் வேணும்னு காட்டிட்டுப் போயிடுவாங்க, நீங்க வாயே தொறக்க வேணாம்" என்றபோது சம்மதித்தேன்.

அந்த விற்பனைத் தளம் முதலில் என் படங்களை ஏற்கவே இல்லை. பெரிதாக இருக்கின்றனவாம். கைப்பேசியில் எடுத்த சாதாரணப் படத்தில் என்ன பெரிது? பாய் ஒரு செயலியை இறக்கித் தந்தார். அதில் அகலத்துக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம், நடுவில் ஒரு சின்னப் பூட்டு. தளம் கேட்டதோ சதுரப் படம். அகலத்தை மாற்றினால் உயரம் தானாக மாறியது. உயரத்தைத் திருத்தினால் அகலம் ஓடியது. ஒரு பிற்பகல் முழுக்க இதே கூத்து. எரிச்சலில் அந்தப் பூட்டை அழுத்தினேன். திறந்துகொண்டது. இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டேன். தளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இடமில்லை, இடமில்லை என்று கைப்பேசி வேறு நச்சரித்ததால், ஏற்றிய படங்களை அதிலிருந்து அழித்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து பொங்கோலிலிருந்து ஒரு பெண் வந்தாள். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையிலிருந்து வெட்டிய ரவிக்கைத் துண்டைக் கொண்டுவந்திருந்தாள். தளத்தில் என் படத்தைக் காட்டினாள்.

"அக்கா, எனக்கு இதே நெக்தான் வேணும். அப்படியே."

பார்த்தேன். முதுகில் பானை வடிவாக இறங்கும், நான் தைத்த பானைக் கழுத்துதான். ஆனால் மேலே யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் பானை சப்பையாகி, தோள்வரை அகன்று கிடந்தது. அகலமும் உயரமும் சேர்ந்தே மாறுவதற்குத்தான் அந்தப் பூட்டு என்று அப்போதுதான் புரிந்தது.

"நிஜத்துல இவ்வளவு அகலமில்லம்மா. படம் நசுங்கிப் போச்சு."

"படம் எப்படிக்கா நசுங்கும்?"

அந்த ரவிக்கை, தைக்கக் கொடுத்தவரிடம் போய்விட்டது. சரியான படத்தை நானே அழித்துவிட்டேன். காட்ட ஒன்றுமில்லை.

"தைக்கத் தெரியலன்னா சொல்லிடுங்கக்கா. வேற எடம் பாத்துக்கறேன்."

பாய் எட்டிப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாத நெக்கா? போட்டோ போடத்தான் தெரியாது லா!"

உதவி செய்கிறாராம்.

முகம் சூடேறியது. ஆனால் அந்தப் பட்டில் இருப்பது ஒரே துண்டு. படத்தை நம்பிக் கத்தரி வைத்துக் கெட்டுப்போனால், தங்கை கல்யாணத்துக்கு அவள் எதைப் போட்டுக்கொள்வாள்? வீணான பருத்தித் துணி ஒன்றில் படத்திலுள்ள கழுத்தை அப்படியே வெட்டி, ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கையத் தூக்குங்க."

தூக்கினாள். இரண்டு தோளும் வழுக்கி இறங்கின. இப்போதாவது நம்புவாள் என்று பார்த்தால், கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"ஐயோ, சூப்பரா இருக்குக்கா! விழாம இருக்க மேல ஒரு கயிறு வச்சிடலாமா?"

பருத்தியிலேயே கயிறு வைத்துப் பார்த்தோம். நின்றது. அதன் பிறகுதான் பட்டை வெட்டினேன்.

கல்யாணம் முடிந்ததும் அவள் ஒரு படம் அனுப்பினாள். முதுகைக் காட்டி, தலையைத் திருப்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை விழவில்லை. "உங்க பேஜ்ல போட்டுக்குங்கக்கா, மூஞ்சி மட்டும் வேணாம்" என்றாள். அந்தச் சப்பைப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்று செயலியைத் திறந்தேன். பூட்டைத் தொடவே இல்லை. மேலே கொஞ்சம் வெட்டிச் சதுரமாக்கினேன். முகம் போயிற்று. கூடவே கயிறும் போயிற்று என்பதை நான் கவனிக்கவில்லை.

நேற்று ஒருத்தி அந்தப் படத்தோடு வந்தாள். கயிறு வைத்தால்தான் தோளில் நிற்கும் என்றேன்.

"போட்டோல கயிறு இல்லையேக்கா? அவங்களுக்கு மட்டும் எப்படி நிக்குது?"

பாய் வாயைத் திறப்பதற்குள், "நீங்க சும்மா இருங்க பாய்!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.