ஓரகத்தியும் ஓவியப் பள்ளிச் சுவரும்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். டிசைன் படிப்பில் சேர்வதற்காக, தான் வரைந்ததையெல்லாம் ஒரு பெரிய ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இதைப் பாத்துதான் பாட்டி மார்க் போடுவாங்க" என்றாள். "தெரியும்டி. என்னையே பக்கத்துல உக்கார வச்சு மார்க் போட்டிருக்காங்க" என்றேன். பிடித்துக்கொண்டுவிட்டாள், சொன்னால்தான் ஆயிற்று என்று.

முதலில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். அவள் வரும்வரை மாமியார் விரால் மீன் குழம்பு வைத்தால் தலை என் தட்டில் விழும். அவள் வந்த பிறகு தலை அவளுக்கு, வால் எனக்கு. விரால் தலையில் அப்படி என்ன இருக்கிறது என்று பேத்தி கேட்கிறாள். சாப்பிட்டவளுக்குத் தெரியும், சாப்பிட்டுவிட்டு இழந்தவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவள் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. சும்மா சிரிப்பாள், அவ்வளவுதான், எல்லாம் அவளிடம் போய்விடும்.

அந்தச் சமயம் வயலில் தகராறு. எங்கள் ஊர் தாராசுரத்துக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி நடவை முடித்துவிட்டார். எங்கள் ஆட்கள் வரப்பில் கொடி நட்டார்கள். மதகடியில் போலீஸ் வேன் வந்து நின்றது. மெட்ராஸில் நம்ம ஆட்சி வந்துவிட்டது, நிலம் நம் கைக்கு வந்துவிடும் என்று என் மாமனார் டீக்கடை ரேடியோவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். நிலம் வரும் வழியைக் காணோம். அடுப்பு மட்டும் ஒருவேளைதான் எரிந்தது.

அப்போதுதான் கும்பகோணத்து ஓவியப் பள்ளி வாத்தியார் ஒருவர் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார்.

"உக்காந்தா போதும்மா. பசங்க பாத்து வரைவாங்க. கூலி தருவோம்" என்றார்.

என் மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "குனிஞ்சு நட்டா கூலி இல்லங்கறான், நீங்க உக்காந்தா தரேங்கறீங்க. காலம் நல்லாத்தான் கெட்டுருக்கு. ரெண்டு பேரும் போங்கடி."

போனோம். பெரிய ஹால். நடுவில் ஒரு பெஞ்சு. அதில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். சுற்றிலும் பையன்கள் பலகையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சாக்பீஸால் எங்கள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார்கள், டீ குடித்துவிட்டு வந்து அதே கோட்டுக்குள் காலை வைக்க வேண்டும். அங்கே இருந்த பியூன்தான் சொன்னான்: வருஷக் கடைசியில் பையன்கள் எல்லாரும் ஃபைலைக் கொண்டுவந்து விரிப்பார்கள், வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து மார்க் போடுவார், முதல் மார்க் வாங்கிய படத்தை வாசலுக்கு நேர் சுவரில் மாட்டுவார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள் என்று.

எனக்கு அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது. அந்தச் சுவரில் நான் இருக்க வேண்டும். அவள் இருக்கக் கூடாது. மீன் தலை போனால் போகட்டும், சுவரையும் அவளுக்கு விட முடியாது.

மறுநாளிலிருந்து கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். முகத்தில் பவுடர். கை மொட்டையாக இருந்தது. அவளிடம் அவள் அம்மா வீட்டில் போட்ட கவரிங் வளையல் ஒரு ஜோடி, கிளிப்பச்சைக் கல் வைத்தது. "அதைக் குடுடி" என்றேன். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டாள். அது அதைவிட எரிச்சல். கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போட்டோக்காரன் முன்னால் உட்காருவதுபோல் முதுகை நிமிர்த்தி, கண்ணை இமைக்காமல், பட்டில் வியர்த்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்திருப்பேன். அவளோ நைந்த சீட்டிப் புடவையில் வந்து, பெஞ்சு முதுகில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவாள். தூங்கியதும் பையன்கள் ஒவ்வொருவராகப் பலகையை அவள் பக்கம் திருப்புவார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கையை நீட்டி அவள் தோளில் ஒரு தட்டு. "எழுந்திருடி, மானம் போவுது" என்பேன். ஒரு கண்ணைத் திறந்து, "கால் கோட்டுக்குள்ளதானக்கா இருக்கு" என்று மறுபடி தூங்கிவிடுவாள்.

மார்க் போடும் நாள் வந்தது. ஹால் முழுக்கத் தரையில் ஃபைல்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்தவர் தடிமனான கண்ணாடி போட்டிருந்தார். "யாரப் பாத்து வரைஞ்சாங்களோ அவங்களையும் கொஞ்சம் உக்கார வைங்க, ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றார். அதனால் நாங்களும் பெஞ்சில்.

அவர் குனிந்து குனிந்து நடந்தார். படத்துக்குப் படம் மூன்று சங்கதி பார்க்கிறார் என்று புரிந்தது. தாளில் எதை எங்கே வைத்திருக்கிறான், எதைக் கொண்டு செய்திருக்கிறான், என்ன நினைத்துச் செய்தான். தூங்கினவளைக் கை பழகத்தான் வரைந்திருக்கிறார்கள், மார்க்குக்கு விரித்தது என் படங்கள்தான், வரிசையாக. எல்லாவற்றிலும் பட்டு, பவுடர், வளையல். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இந்தம்மாவ எல்லாரும் காலண்டர் மாதிரியே போட்டிருக்கீங்களே" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் காலண்டரில் இருப்பது லட்சுமி. ஓரகத்தியை விலாவில் இடித்தேன். "கேட்டியாடி? காலண்டராம்!"

"கேட்டேங்க்கா. ஆனா அந்தத் தம்பி மூஞ்சி ஏன் செத்துப்போச்சு?"

பார்த்தேன். என்னை வரைந்த பையன் ஒவ்வொருவன் முகமும் அப்படித்தான் இருந்தது. மார்க் போய்விட்டது என்று அப்போதுதான் விளங்கியது. பட்டு நனைந்ததுதான் மிச்சம்.

கடைசி ஃபைல் வலங்கைமான் பக்கத்துப் பையனுடையது. அவன் அப்பா குத்தகைக்கு உழுகிறவர். அதில் பெயிண்டே இல்லை. வண்டல் மண், செங்கல் பொடி, அடுப்புக்கரி, எல்லாவற்றையும் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசியிருந்தான். தாளின் ஒரு மூலையில் வாயைப் பிளந்துகொண்டு என் ஓரகத்தி. மீதி இடமெல்லாம் வெறும் மண் நிறம்.

அந்தப் பள்ளிப் பெரிய சார் நகத்தால் லேசாகச் சுரண்டினார். "இது நாளைக்கே வெடிச்சு உதிரும். பெயிண்ட் வாங்குறதுக்கென்ன?"

"நம்ம வயல் நிறம் பெயிண்ட்ல கெடைக்கல சார்."

கண்ணாடிக்காரர் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்னப்பா? ஓரத்துலேர்ந்து வளையல் போட்ட ஒரு கை மட்டும் வருது?"

பையன் என்னைக் காட்டினான். "அந்த அக்கா கை சார். நடவு இல்லாத நாள்ல ஒருத்தங்க தூங்குறாங்க. இன்னொருத்தங்க எழுப்புறாங்க. எழுப்பி எங்க போறது? வயல்ல போலீஸ் நிக்குது. அதான் சார் படம்."

கண்ணாடிக்காரர் உள்ளங்கையால் அந்தக் கையை மறைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு, "இந்தக் கை இல்லன்னா இது வெறும் தூக்கம். கைதான் படம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கை எதற்காக நீண்டது என்று எனக்கல்லவா தெரியும்! வயலும் இல்லை, போலீசும் இல்லை. எல்லாம் வயிற்றெரிச்சல். பையன் கெட்டிக்காரன், அவன் கண்ணுக்கு அது பெரிய சேதியாகத் தெரிந்திருக்கிறது. நான் ஏன் கலைப்பேன்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் மார்க் அதற்குத்தான். அன்றைக்கே சுவரில் ஆணி அடித்துவிட்டார்கள்.

வாய்க்கால் கரையோரம் வீட்டுக்கு நடந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா? மூஞ்சி ஒன்னோடதா இருக்கலாம். மார்க் என் கைக்குத்தான்" என்றேன்.

"ஆமாங்க்கா" என்றாள். கொஞ்சம் நடந்தாள். "கை ஒங்களுதுதான். வளையல் யாருது?"

அங்கேயே நின்று கழற்றி அவள் கையில் வைத்தேன். "இந்தா, நீயே வச்சுக்க!" அவள் மாட்டிக்கொண்டாள். வெயில் சாய்ந்த நேரம், கிளிப்பச்சைக் கல் பளிச்சென்றது. அவள் கையைப் பார்த்தேன். படத்தில் இருந்த கை மாதிரியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குச் சுவரைப் பார்க்கிறவர்கள் இவள் கை என்றல்லவா நினைப்பார்கள்?

வீட்டு வாசல் வரவில்லை, அதற்குள் கேட்டுவிட்டேன்.

"அடியே, அந்த வளையலக் குடுடி."

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். யோசிக்கவே இல்லை.