அண்ணன் ஜீப்புக்கு மாட்டிய பட்டைகள்

அப்பாவின் முதலாண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் அத்தை என்று அண்ணன் மகள் கேட்டாள். பண்பின் சிகரம், பாசத்தின் திலகம் என்றெல்லாம் அடுக்கி எழுத எனக்கு வராது. பிரசவ வார்டில் காலம் தள்ளியவள் நான். பார்த்ததைப் பார்த்தபடி குறித்துத்தான் பழக்கம். அண்ணன் நல்லவர். அதோடு பெரிய பிடிவாதக்காரர். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சாயல்குடிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். அய்யாவுக்கு மிளகாயும் குதிரைவாலியும் போடக் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை ஏமாற்றிய ஒரு வருடம் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய், கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்துவிட்டார். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காது. அந்தத் தீபாவளிக்குப் புகையில் கறுத்துப்போய் வாசலில் வந்து நின்றவரை, "யாருப்பா, என்ன வேணும்?" என்று எங்கள் அம்மாவே கேட்டுவிட்டார். அந்தப் புகைக்குள்தான் அவர் டிரைவர் வேலையும் மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டார். அவருடைய உழைப்பில்தான் நான் நர்ஸ் படிப்புப் படித்தேன்.

சுதந்திரம் வந்து இரண்டொரு வருடத்தில், வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருந்த முதலாளி ஒருவர், மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். அண்ணனை அதற்கு டிரைவராக வைத்துக்கொண்டார். அந்த ஜீப் மணலில் ஓடும், சேற்றிலும் ஓடும். ஆனால் உள்ளே இருப்பவர்களை முறத்தில் போட்ட உளுந்து மாதிரி புடைத்து எடுத்துவிடும். முதலாளியே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வாலிநோக்கம் வந்தார். தலைப்பிள்ளை தங்கவில்லை. ஜீப்பின் குலுக்கலுக்குப் பயந்து மாட்டுவண்டியில் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதினி பல மாதம் யாரிடமும் பேசவில்லை. அண்ணன் பேசினார், சிரிக்க மட்டும் மறந்துவிட்டார்.

மதினி மறுபடி உண்டானபோது, நான் சாயல்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏழாம் மாதம் ரத்தம் பட்டது. எங்கள் டாக்டரம்மாவை வீட்டுக்கே அழைத்துப் போனேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, இப்போது படுக்கையை விட்டு எழுப்பவே கூடாது, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். கொண்டுபோகும் வழியில் குலுங்கினால் ரத்தம் பெருகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றும் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டார். நேரே போய் ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டார்.

அவர் செய்த முதல் வேலை முழுத் தப்பு. உப்பளத்து ஆட்களுக்கு எல்லாமே பாரக் கணக்குத்தான். வண்டி தூக்கிப் போடுகிறது என்றால், தாங்கவில்லை, ஸ்பிரிங்கில் இன்னும் நாலு பட்டை சேர் என்பார்கள். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் அந்த ஸ்பிரிங். அண்ணனும் அப்படியே நினைத்து, உப்பு லாரியில் கழற்றிய தடிப் பட்டைகளை ஜீப்பின் முன்பக்க ஸ்பிரிங்கில் சேர்த்துக் கட்டினார். சோதித்துப் பார்க்க நிறைகுடத் தண்ணீரை முன் சீட்டில் வைத்து, உப்பளத்து வரப்போரமாக ஒரு சுற்று ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து குடத்தைப் பிடித்திருந்தேன். திரும்பி வந்தபோது குடத்தில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சம், மற்றதெல்லாம் எங்கள் இருவர் மேலும் இருந்தது.

"அண்ணே, இது மூட்டை ஏத்துற வண்டியா, மதினி ஏறுற வண்டியா?" என்றேன்.

"வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"வண்டியப் பத்தித் தெரியாது. அலுங்காமத் தூக்கத் தெரியும். வெறச்ச கையில பிள்ளையத் தூக்குனா பிள்ளை அழுகும்ணே. நீங்க கையத் தளத்தணும், இறுக்கக் கூடாது."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லாரிப் பட்டைகள் வேலியோரம் கிடந்தன. ஜீப்பில் முதலிலிருந்தே இருந்த பட்டைகளையும் கழற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஏழெட்டுப் பட்டைகளும் ஒரே இரும்புக் கட்டையாகிவிட்டிருந்தன. வளைந்து கொடுக்க வேண்டியது வளையவே இல்லை. எனக்கும் ஒரு பட்டையைக் கையில் கொடுத்துக் காட்டினார், அதுதான் சமாதானம்.

மதுரைக்குப் போய் மெல்லிய புதுப் பட்டைகள் வாங்கி வந்தார். எண்ணிக்கை கூடுதல், கனம் குறைவு, நன்றாக வளையும். ஆனால் அவை வேறு ஏதோ வண்டிக்குச் செய்தவை, ஜீப்புக்கு நாலு விரல்கடை நீளம் அதிகம். பட்டையின் நுனியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புகளைப் புதிதாக அடித்தாக வேண்டும். தங்கச்சிமடத்தில் படகுகளுக்கு நங்கூரம் அடிக்கும் கொல்லர் ஒருவர் அண்ணனுக்குச் சினேகிதர். தங்கச்சிமடம் இருக்கும் தீவுக்கு அப்போது ரயில் பாலம் மட்டும்தான், ஜீப்பைக் கொண்டுபோக வழியில்லை. பட்டைகளைச் சாக்கில் கட்டி, வண்டியின் அளவுகளைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் ரயிலேறினார்.

"ஏலே, அசையாம நிக்கிறதுக்கு இரும்படிச்சே எனக்குப் பழக்கம். நீ அசையிறதுக்கு அடிக்கச் சொல்ற!" என்றாராம் கொல்லர். சொன்னாரே தவிர, அன்றே அடித்துக் கொடுத்துவிட்டார்.

அதை மாட்டியபின் குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. ஆனால் வேறு வம்பு வந்தது. புதுப் பட்டைகளால் முன் அச்சு லேசாகச் சாய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், மேய்ச்சலைக் கண்ட மாடு போல வண்டி வரப்பைப் பார்த்துப் போனது. மறுபடி கயிற்றில் முடிச்சு, மறுபடி ரயில். இந்தத் தடவை கொல்லர், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரண்டு இரும்பு ஆப்புகள் அடித்துக் கொடுத்தார். அவற்றை அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைத்து இறுக்கியதும் அச்சு நிமிர்ந்தது, வண்டி நேரே போனது.

துருப்பிடிக்காமல் இருக்க, படகுக்குப் பூசும் சுறா எண்ணெயைப் பட்டைகளுக்கு நடுவே பூசினார். ஊர் நாய்கள் எல்லாம் ஜீப்புக்குப் பின்னால் ஓடத் தொடங்கின. மதினி படுக்கையில் இருந்தபடியே, "குலுங்காமக் கொண்டுபோவாக, சரி. இந்த நாத்தத்துல கொடலு வெளிய வந்துராதா?" என்று கேட்டார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒன்பது பிறந்த மூன்றாம் நாள் காலையில் கிளம்பினோம். முதலாளி முன்கூட்டியே உப்பளத்து ஆட்களை அனுப்பி, பாதையில் பெரிய பள்ளங்களை மண் போட்டு மூடச் செய்திருந்தார். முன் சீட்டில் தலையணைகளை அடுக்கி மதினியைச் சாய்த்து உட்கார வைத்தோம். நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக என் கண் மதினியின் சேலையில்தான் இருந்தது. பிற்பாடு எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன், அன்று போல் பயந்ததில்லை. ஒரு சொட்டு ரத்தம் படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன், "வண்டி தூக்கி அடிச்சுச்சா?" என்று கேட்டார்.

மதினி கண்ணைத் திறந்து, "வந்துட்டமா? நல்லாத் தூங்கிட்டேன்" என்றார்.

சேர்த்த பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். இந்த மலருக்கு எழுதச் சொல்லி என்னை விரட்டியவள் அவள்தான்.

பிறகு அண்ணன் இராமநாதபுரத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். சுற்று வட்டாரத்தில் பழைய ஜீப் வைத்திருந்தவர்கள் அவரிடம் வந்து முன்பட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். வந்தவர் யாராக இருந்தாலும், "எஞ் சம்சாரம் வாலிநோக்கத்துல ஏறுனவ, ஆஸ்பத்திரி வாசல்லதான் முழிச்சா" என்று சொல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டார். நாங்களெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள். பேத்தி கல்யாணத்தில் சம்பந்தியிடமும் சொன்னார். எண்பதைத் தாண்டி, பத்தே நாள் படுத்து, யாருக்கும் பெரிய சிரமம் வைக்காமல் போய்ச் சேர்ந்தார். நிறைந்த வாழ்வுதான். இருந்தும் அந்தக் கதையை இன்னொரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய பட்டறைத் தோழர்களுக்கும், தங்கச்சிமடத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நின்ற கொல்லர் வீட்டாருக்கும், அன்று பாதையைச் சமப்படுத்தித் தந்த முதலாளியின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதுவரை எழுதியதை நேற்று மதினிக்கு வாசித்துக் காட்டினேன். தூங்கிய இடம் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் எங்க தாயி தூங்குனேன்? உங்க அண்ணன் ரோட்டப் பாக்காம எம் மூஞ்சியவே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு ஓட்டுனாக. நான் கண்ண மூடுனாத்தான் முன்னாடி பாப்பாகன்னு மூடிக்கிட்டேன்."

தோளைப் பிடித்திருந்த நானும் அல்லவா ஏமாந்திருக்கிறேன்!

"அப்ப வண்டி குலுங்குச்சா மதினி?"

"முன்ன மாதிரி இல்ல. ஆனா குலுங்கத்தான செய்யும், வண்டின்னா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத உங்க அண்ணன்கிட்டச் சொல்லிறாத தாயி. மனசு ஒடிஞ்சு போவாக."

"சொல்லமாட்டேன் மதினி" என்றேன்.