மஞ்சள் குழாய்

குவாலா பிலாவின் மலாய்க் குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஆண்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு, வயல், தோட்டம் எல்லாம் பெண்வழிச் சொத்து. ஊரிலுள்ள அத்தனை ஆண்களுமே வீட்டோடு மாப்பிள்ளைகள் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ருஸ்டி அப்படித்தான் இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் மூவாரிலிருந்து வந்து சேர்ந்தார். அஞ்சலக எழுத்தர். வாய் அதிகம் கிடையாது. வரும்போது இருந்த கொஞ்சமும் இங்கே போய்விட்டது. கொல்லையில் ஒரு கிளையை வெட்டுவதென்றாலும் மனைவி நோர்லியாவின் மூத்த அண்ணன் ஹாஷிமிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினார். அந்த வீட்டில் "என்னுடையது" என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பொருள் அது ஒன்றுதான். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு சின்ன ஒட்டுத்தாள்: தொண்ணூற்றேழுக்குக் குறைந்தது போடாதே. தொண்ணூற்றேழு ஆக்டேன் பெட்ரோல் என்றால் பச்சைக் குழாய். விலை கூடத்தான். அதற்காகவே காலைத் தேநீரோடு தின்னும் பலகாரத்தை விட்டார், வெளியே போவதைக் குறைத்தார், பச்சையை மட்டும் மாற்றவில்லை.

கார் வந்த மூன்றாம் மாதமே கல்யாணக் காலமும் வந்தது. "நம்ம வீட்டுல இப்படி ஒரு காரு நிக்கும்போது மாப்பிள்ளைய வாடகைக் காருலயா கூட்டிட்டு வர்றது?" என்றார் ஹாஷிம். அவர் வாயில் அது எப்போதும் நம்ம காருதான். ஆனால் ஓசியில் ஏறுகிற ஆளில்லை அவர். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் நிலையத்தில் தானே இறங்கி, மஞ்சள் குழாயை எடுத்து, தொட்டி வழிய வழிய நிரப்பிவிட்டுத்தான் உட்காருவார். நாட்டில் முக்கால்வாசிப் பேர் போடும் தொண்ணூற்றைந்து அது. நல்ல மனசோடு ஊற்றிய நஞ்சு என்று ருஸ்டி உள்ளுக்குள் புழுங்கினார்.

ஒருமுறை, மூத்த அண்ணன் என்ற மரியாதையோடு சொல்லிப் பார்த்தார். "அபாங் லோங், என் காருக்குப் பச்சதான் ஒத்துக்கும்."

ஹாஷிம் பின்சீட்டைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்குங்க. நம்ம ஊத்துற எண்ணெய் தொரைக்கு எறங்காதாம்."

இரண்டு மாதம் குடும்பமே காரைத் 'துரை' என்று கூப்பிட்டது. அடுத்த கல்யாணத்துக்கு ருஸ்டி ஒரு தந்திரம் செய்தார். முந்தின நாளே பச்சையை விளிம்புவரை நிரப்பி வைத்தார். ஹாஷிம் குழாயைச் செருகியதும் அது டக்கென்று நின்றுவிட்டது. "எங்க கையால வாங்கக் கூடாதுன்னே ரொப்பி வச்சிருக்கியா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். நோர்லியா மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. ருஸ்டி அத்தோடு தந்திரத்தையும் விட்டுவிட்டார்.

பட்டறைக்கார ஆ கியாட் எஞ்சினருகே காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தான். "அங்கிள், சும்மா ஓட்டுனா சமாளிச்சிக்கும். அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மஞ்சள்ல மலை ஏறுனா அடிக்கும். இன்னும் ஒரு கல்யாண சீசன் இப்படி ஓட்டுனீங்க, பிஸ்டன் போயிடும். இதுக்குச் சாமான் கெடைக்காது."

அடுத்த சீசனின் முதல் கல்யாணம் நோர்லியாவின் அக்கா மகளுடையது. மாப்பிள்ளை இக்மால், செரம்பானில் லாரிப் பட்டறையில் வேலை. மாப்பிள்ளை வீட்டு விருந்து முடிந்து ஜோடியை அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். முன்னால் ஹாஷிம், பின்னால் நோர்லியா, மணப்பெண், இக்மால். புக்கிட் புத்துஸ் ஏற்றம் தொடங்கியதுமே எஞ்சினுக்குள் கணகணவென்று சத்தம் கேட்டது. ருஸ்டி ஏசியை அணைத்தார். மிதியிலிருந்து காலைத் தளர்த்தினார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"பாக் சூ, எஞ்சின் அடிக்குதே. என்ன எண்ணெய் போட்டீங்க?" என்றான் இக்மால், ருஸ்டியைச் சித்தப்பா முறை வைத்து.

ஹாஷிம் சிரித்தார். "மாப்ள, இந்த வீட்டுக்கு வந்தவங்க போட்டதத் திம்பாங்க. என்னன்னு கேக்க மாட்டாங்க."

கார் முழுக்கச் சிரித்தது. இக்மாலும் சிரித்தான். தானும் சிரித்ததை நினைத்து ருஸ்டிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மலை இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்தை நெருங்கியதும் ஹாஷிம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். "கொறஞ்சிடுச்சு. ஓரங்கட்டு. மாப்ள, இனிமே இது ஒன் வேல, எறங்கு."

இக்மால் இறங்கி மூடியைத் திறந்தான். ஒட்டுத்தாளைப் படித்தான். பிறகு பச்சைக் குழாயில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலருகே குனிந்தான்.

"பாக் சூ, பச்சதானே போடணும்?"

இருபத்துநான்கு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் ஹாஷிம் அவர் பக்கம் திரும்பினார். பின்னால் நோர்லியாவின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

"மஞ்சள்தான் தம்பி," என்றார் ருஸ்டி. "நம்ம காருக்கு அது போதும்."