டிரிப்யூனின் கதவு

பழைய ரோமில் ‘டிரிப்யூன்’ என்றொரு பதவி இருந்தது. ‘ட்ரிபுஸ்’ என்றால் குலம். குலத்தின் தலைவன் என்பதிலிருந்து வந்த பெயர். பிறகு ஏழைச் சனங்கள் நகரத்தை விட்டுக் குன்றில் போய் உட்கார்ந்து, எங்களுக்கென்று ஒருவன் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அப்படி வந்தவன்தான் மக்கள் டிரிப்யூன். படைக்கு யாரையாவது இழுத்துப் போனால் குறுக்கே நின்று ‘கூடாது’ என்பான். அவன் வீட்டுக் கதவை இரவும் பகலும் சாத்தக்கூடாது என்பது விதி. யாங்கோனில் டியூஷன் எடுக்கும் நான் இந்தப் பாடத்தைப் பத்து வருடமாக நடத்துகிறேன்; வாத்தியார் என்பதால் பர்மிய வழக்கப்படி எல்லோருக்கும் நான் ‘சயா’.

எங்கள் தெருவுக்கு நூறு வீட்டுத் தலைவனும் நான்தான். பர்மிய மொழி நன்றாக எழுதுவேன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர்ப் பட்டியல் எழுதி வார்டு ஆபீசில் கொடுக்க வேண்டும்.

எங்கள் மாடிக்குக் கீழே தோசைக்கடை போட்டிருக்கும் அக்கா மழைக்காலத்தில் வந்தார்.

“சயா, மகனை கியாக்தான் ஊர்ல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுறேன். லிஸ்ட்லேர்ந்து அவன் பேரை எடுத்துடுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னக்கா, பைத்தியமா? ஒரு குடியுரிமைக் கார்டுக்கு நம்ம தாத்தாமாரு எத்தனை ஆபீஸ் ஏறி எறங்கினாங்க? பேரு போச்சுன்னா அப்புறம் நாம யாரு?”

பர்மாவில் நம் தமிழ் ஆட்கள் அப்படித்தான். மலேசியாவுக்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத பிள்ளையின் பெயரைக்கூட எடுக்கவிட மாட்டோம். சயா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் மகனை இங்கேயே வைத்துக்கொண்டார். அவன் பெயரை நானே அழகாக எழுதினேன்.

போன வாரம் அந்தப் பட்டியலை வைத்து ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. அக்கா கையில் மாவோடு ஓடி வந்தார்.

“நீங்கதானே தலைவரு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சயா.”

வார்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பட்டியலைத் திருப்பிக் காட்டி, “இது உங்க எழுத்துதானே?” என்று பர்மிய மொழியில் கேட்டார்.

“ஆமாம்” என்றேன். பாவி, பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் தாழ்போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டேன்.

“சயா...”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அலைஞ்சு களைச்சிருப்பீங்க, தூங்குங்க. வாசல்ல தோசை வெச்சிருக்கேன்.”