காலியாக இருந்த ஆணி

போன வருடம் மழைக்காலம். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் நான் ஒண்டி ஆள். மகன் பெங்களூரோடு போய்விட்டான். பக்கத்து வீட்டிலும் பூட்டு. பேச ஆள் இல்லாமல் குக்கர் விசிலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு மைன் தொழிலாளர் சங்கத்தில் மீட்டிங். மைன் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது, சங்கம் மட்டும் மூடவில்லை. அன்றைக்கெல்லாம் ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர் தன் நம்பர் போட்ட டோக்கனைப் பலகையில் தன் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியென்றால் ஆள் இன்னும் கீழே ஷாஃப்ட்டுக் குழிக்குள்ளே என்று அர்த்தம். அந்தப் பலகையைச் சங்கத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்; மீட்டிங்குக்கு வருகிறவர் டோக்கனை அதில் மாட்டி, போகும்போது எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு அவர் டோக்கனை நான்தான் மாட்டுவேன். எழுத்துத் தெரியாது எனக்கு. ஆனால் அந்த நம்பர் மட்டும் விரலால் தடவினாலே தெரியும்.

அப்படி ஒரு மீட்டிங்கில் சங்கத்து செக்ரட்டரியோடு ஒரே சண்டை.

"வூட்டுக்கு பட்டா வாங்கித் தர துப்பில்ல. டீ குடிக்கத்தான் சங்கமா?"

"கூட்டம் சேந்தாத்தானே அண்ணி கேக்க முடியும்?"

"சேந்து சேந்து இன்னாத்த கிழிச்சீங்க? இனிமே நான் வரமாட்டேன், போங்க!"

சொன்னபடியே அடுத்த மாத மீட்டிங் ஞாயிறு போகவில்லை. அன்று காலையில் பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கோபித்துக்கொண்டு வந்தவளை யார் தேடுவார்கள்? மழை முகத்திலேயே விழுந்தது.

மதியத்துக்கு மேல் கதவு தடதடவென்றது. தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு செக்ரட்டரியும் மூன்று கிழவர்களும் உள்ளே வந்தார்கள். நாலு பேருக்கும் மேல்மூச்சு வாங்கியது. என்னைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கினார்கள்.

"கோச்சிக்கினு வரலன்னு நினைக்கலியாப்பா?" என்று செக்ரட்டரியைக் கேட்டேன்.

"கோவமோ கீவமோ, ஆணி காலின்னா ஆளு இன்னும் கீழ கீதுன்னுதான் அண்ணி. தேடாம வூட்டுக்குப் போவோமா?"

கட்டிலைப் பின்னால் பிடித்த கிழவரும் சும்மா விடவில்லை: "நீ திட்டாம மீட்டிங்கே டல்லு அண்ணி. சீக்கிரம் எழுந்து வா."

ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே சிரித்தேன்.

பட்டா இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் கோலை ஊன்றிக்கொண்டு போய்ச் சண்டை போடுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தனியாகப் படுக்கும்போது, என் ஆணி காலியானால் தேடி வர நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் கண்ணை மூடுகிறேன்.