பதினேழு மணி நேரம்

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரை நினைத்தால், அன்று அவர் எல்லோரிடமும் நீட்டிய கைபேசித் திரைதான் முதலில் வருகிறது. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வளைந்த கோடு. கீழே சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில் மூன்றாம் மாடி அம்மா அன்று காலை ஆறு மணிக்கு இறந்திருந்தார். ஒரே மகன் கோட்டின் மறுமுனையில். அவன் வந்து முகம் பார்த்துக் கொள்ளி வைக்க வேண்டும்.

"ராத்திரி பதினோரு மணிக்கு வந்துடுவார். நான் சேஃப்டிக்கு நாளைக்குக் காலைல பத்துன்னு வெச்சிருக்கேன்" என்றார் செயலாளர், அந்தக் கூடுதல் நேரத்தைத் தன் சொந்தச் சொத்திலிருந்து எழுதிக் கொடுத்தவர் போல. மயானத்தில் பதினோரு மணிக்கு நேரமும் வாங்கிவிட்டார். படித்தவர்கள் நிறைந்த அந்தக் கூட்டம் தலையாட்டியது. படிக்கட்டு பெருக்கும் பெண்மணி மட்டும் கேட்டாள்: "இன்னா சார், ஏரோப்ளேன் இன்னா ஷேர் ஆட்டோவா, கை காட்டுனா நிக்கறதுக்கு?"

"நெட்லயே போட்டிருக்கும்மா. நீ வேலையைப் பாரு."

ஆவடித் தொழிற்சாலையில் அதிகாரிகளின் பயணங்களை ஏற்பாடு செய்யும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்தக் கோடு பறவைக்குப் போட்டது. மனிதன் டிக்கெட் தேட வேண்டும், மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும், ஏதோ ஓர் ஊரில் காத்திருந்து விமானம் மாற வேண்டும், குடிநுழைவு வரிசையைத் தாண்டி அம்பத்தூர் வரை சாலையில் ஊர வேண்டும். செய்தித்தாளின் ஓரத்தில் கணக்கிட்டேன்: மறுநாள் மாலை நான்கு. கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போன சங்கக் கூட்டத்தில் "உங்க ரூல்ஸ் புராணம் போதும் சார்" என்று என்னை உட்கார வைத்தவர் அவர். தானே கற்றுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு மகன் துபாயிலிருந்து அழைத்தான். காத்திருக்கச் சொல்லி அழுதான். "இந்த டைமை விட்டா இன்னிக்கு வேற டைம் இல்லையாம். பாடியும் தாங்காது" என்றார் செயலாளர். அந்த அம்மாவின் தம்பி ஒரு கணம் தயங்கினார். பிறகு தன் மகனைக் கொள்ளிச்சட்டி எடுக்கச் சொன்னார். செயலாளர் தன் தவறுக்காக வெட்கப்படவில்லை. ஊர்வலம் சரியான நேரத்துக்குப் புறப்பட்டதைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்தார். போன மாதம்கூட அவரைப் போட்டியின்றித்தான் தேர்ந்தெடுத்தோம். எங்களுக்கு அவர் போதும்.

மகன் நாலேகாலுக்கு வந்தான். கழுவிவிட்ட கூடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் செருப்போடு நின்றவன், எதிரில் இருந்த என்னிடம் கேட்டான்:

"அம்மா முகம் எப்படி சார் இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. காலை முழுவதும் அங்கேதான் நின்றிருந்தேன், செயலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.