நோரீன் சாத்திய கேட்

நோரீன் ஹால்விக் பன்னிரண்டு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவள். அதற்குப் பிறகுதான் பனிச்சரிவு பார்க்கும் வேலைக்கு வந்தாள். கனடாவின் மேற்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் ஊருக்கு வெளியே போக ஒரே ஒரு ரோடுதான். அதைத் திறப்பதும் மூடுவதும் அவள் பொறுப்பு. லாரிக்காரிக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்கிழியப் பேசினோம். நானும்தான் பேசினேன், வெட்கமாக இருக்கிறது.

அந்த நவம்பரில் ஓயாத மழை. சரிவில் வளரும் ஆல்டர் புதர்கள் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும்வரை மலை சரியாது என்பது எங்கள் ஊர்க்கணக்கு. அன்று புதர்கள் நன்றாகவே நின்றன. ஆனால் நோரீன் காலையிலேயே உச்சிக்குப் போய்ப் பனியில் குழி வெட்டிப் பார்த்திருந்தாள். அக்டோபர் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது, அதன்மேல் இடுப்பளவு புதுப்பனி. மழையில் நனைந்து கனத்தால் அது அப்படியே வழுக்கிக் கீழே வந்துவிடும். மதியம் உச்சியிலும் மழை பிடித்ததும் ரோட்டின் குறுக்கே இருந்த கேட்டைச் சாத்திவிட்டாள்.

முதலில் வந்து நின்றது பள்ளிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் பஸ். அன்றைய வெளியூர் ஆட்டத்துக்குப் போகாவிட்டால் தோற்றதாகக் கணக்கு, அந்த வருஷமே போச்சு. கோல் காப்பவள் நோரீனின் மகள் பிரிட்டா. பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம்.

பயிற்சியாளர் கர்ட் இறங்கி வந்தான். நோரீனோடு படித்தவன்.

"புதரெல்லாம் துடைப்பம் மாதிரி நிக்குது. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"புதர் கீழ நிக்குது கர்ட். பனி மேல இருக்கு."

பிரிட்டா ஜன்னலைத் திறந்தாள். "எனக்காகக்கூட திறக்க மாட்டியாம்மா?"

"நீ பஸ்ல இல்லேன்னாலும் திறக்க மாட்டேன்."

மகள் ஜன்னலை அறைந்து மூடினாள்.  ஆனாலும் நோரீன் கேட் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் மலை அசையவே இல்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே அவளைத் திட்டினார்கள். கடைசியில் கர்ட் எதிரணிக்குப் போன் போட்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டான்.

அவன் போனை வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மலை உறுமியது. சிமெண்ட் குழம்பு போல வந்த ஈரப்பனி, எங்கள் ஆல்டர்களை வேரோடு பிடுங்கிவந்து ரோட்டில் இரண்டாள் உயரத்துக்குக் கொட்டியது. முதலிலேயே விட்டிருந்தால் பஸ் தாண்டியிருக்கும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஹாரன் அடித்தவர்களே வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்கள். பிரிட்டா இறங்கி வந்து அம்மாவின் ஈரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுவருஷம் கர்ட் ஆட்டப் பட்டியலை ஹாக்கி அரங்கக் கதவில் ஒட்டினான். அடியில் பேனாவால் ஒரு வரி: 'நோரீன் கேட்டைத் திறந்தால் மட்டும்.' இன்றைக்கும் அந்த வரி இல்லாமல் எங்கள் ஊரில் பட்டியல் ஒட்டுவதில்லை.